மரச்சாமான்களில் நிறம் பொருத்துவது: எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை எங்களுடையது. நாற்காலி, மேசை, கட்டில், ஊஞ்சல் எல்லாம் கைவேலை. புதிதாக ஒன்று செய்யச் சொல்லி வருபவர்களைவிட, "வீட்டில் ஏற்கெனவே இருப்பதோடு சேர்கிற மாதிரி செய்து கொடுங்கள்" என்று வருபவர்கள்தான் அதிகம். மரவேலை பத்து நாளில் முடிந்துவிடும். அந்த 'சேர்கிற மாதிரி'க்குத்தான் தலைமுடி நரைக்கிறது. வருகிறவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன். சொந்தமாக வீட்டில் ஸ்டெயின் (மரத்தில் ஊறி நிறம் கொடுக்கும் திரவம்) அடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

கடையில் 'தேக்கு' என்று எழுதிய ஸ்டெயின் டப்பாவை வாங்கி அடித்தால் எங்கள் பழைய மேசையின் நிறம் வந்துவிடாதா?

வராது. டப்பாவில் இருப்பது அந்தக் கம்பெனி நினைக்கிற தேக்கு. உங்கள் மேசையில் இருப்பது உங்கள் தாத்தா காலத்து மரம், அதன்மேல் அன்றைக்குத் தேய்த்த அரக்குப் பாலிஷ், அதற்குப் பிறகு பல வருஷ வெளிச்சம், எண்ணெய்க் கை, காபி டம்ளர் எல்லாம் சேர்ந்த நிறம்.

கண்ணில் படுகிற நிறத்துக்கு நான்கு பேர் பொறுப்பு: அடியில் இருக்கும் மரம், அதில் ஊறிய ஸ்டெயின், அதன்மேல் வரும் பூச்சு, கடைசியாக அதில் விழும் வெளிச்சம். டப்பா இந்த நான்கில் ஒன்றைத்தான் தருகிறது. கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் மற்ற மூன்றை மறந்ததால் வருபவை.

ஒரே தேக்கில், ஒரே டப்பா ஸ்டெயினில் செய்த இரண்டு கதவு ஏன் வேறு வேறு நிறமாக நிற்கின்றன?

முதல் காரணம், 'ஒரே தேக்கு' என்பதே அவ்வளவு சரியில்லை. நாட்டுத் தேக்கில் மஞ்சளும் கருங்கோடுகளும் தூக்கலாக இருக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கு ஒரே சீரான பொன்பழுப்பு. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுத் தோட்டத் தேக்கு வேகமாக வளர்ந்த மரம். வளையங்கள் அகலம், நிறம் வெளிறல். ஒரே மரத்துக்குள்ளேயே வைரம் (நடுக்கட்டை) ஒரு நிறம், அதைச் சுற்றியுள்ள வெள்ளை ஒரு நிறம். பலகையின் ஓரத்தில் இரண்டு விரல்கடை வெள்ளை இருந்தால் எவ்வளவு ஸ்டெயின் அடித்தாலும் அந்த ஓரம் தனியாகத் தெரியும். அதை மட்டும் மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டு முதலிலேயே மற்ற இடத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் உப்புத்தாள். ஒரு கதவை 120-ஆம் நம்பரோடு நிறுத்தி, இன்னொன்றை 220 வரை தேய்த்திருந்தால் நிறம் ஒத்துவராது. முரட்டுத் தாள் விட்ட கீறல்களில் நிறமி போய் உட்கார்ந்து மரம் கருக்கும். வழுவழுப்பாகத் தேய்த்த இடத்தில் பிடிமானம் குறைவு, வெளிறும். எங்கள் பட்டறையில் தேக்குக்கு 180-ஓடு நிறுத்துவோம், எல்லாத் துண்டுக்கும் அதேதான். மெஷினில் தேய்த்த பலகையையும் கையால் தேய்த்த சட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் அதிலேயே வித்தியாசம் தெரியும். அதனால் கடைசிச் சுற்று எல்லாவற்றுக்கும் கையால்தான், ரேகை ஓடும் திசையில்.

மூன்றாவது காரணத்தை நிறையப் பேர் நம்பவே மாட்டார்கள். மரத்துக்குப் பட்டுப்புடவை மாதிரி குணம் உண்டு. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு நிறம், அந்தப் பக்கம் போய் நின்றால் வேறு நிறம். நார்கள் மேற்பரப்புக்குச் சாய்வாக ஓடுவதால் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கோணம் மாறுகிறது. இரண்டு பலகையில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிவிட்டால், ஒன்று வெளிறியும் ஒன்று கருத்தும் தெரியும். எதிர்ப்பக்கம் போனால் அப்படியே மாறிவிடும். இதை ஸ்டெயினால் சரிசெய்யவே முடியாது. பலகை அறுக்கும்போதே பென்சிலால் அம்புக்குறி போட்டு, ஒரே திசையில் ஒட்டுவதுதான் வழி. வெனீர் (ப்ளைவுட்டின் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தோல்) ஒட்டும்போது இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதுமா?

போதாது. ஒரே மேசையை ஜன்னல் பக்கமும் டியூப்லைட் பக்கமும் நின்று இரண்டு படம் எடுத்துப் பாருங்கள், போன் எப்படி ஏமாற்றுகிறது என்று தெரியும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து படம் அனுப்பி "இதே நிறம்" என்று கேட்பவர்களிடம், ஊரில் இருக்கும் அம்மாவையோ மாமாவையோ ஓர் இழுப்பறையைக் கழற்றிக் கொடுத்தனுப்பச் சொல்கிறோம். இழுப்பறை, தட்டு, நாற்காலி என்று எது கழன்று வந்தாலும் சரி.

பழைய சாப்பாட்டு மேசைக்குச் சேர்கிற மாதிரி புது நாற்காலி வேண்டும். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பழைய நாற்காலியைக் கழுவுவதிலிருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன வருஷம் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் மேசையும் நான்கு நாற்காலியும் இருந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இன்னும் இரண்டு நாற்காலி வேண்டும் என்றார்கள். ஒன்றைப் பட்டறைக்குத் தூக்கி வந்து கவிழ்த்துப் பார்த்தோம். உட்காரும் பலகையின் அடிப்பக்கம் வெளிச்சமே படாதது, ஒரு நிறம். முதுகுச் சட்டம் ஒரு நிறம். கை வைக்கும் இடம் கிட்டத்தட்ட கருப்பு. பனியன் துணியை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரு காலை மட்டும் துடைத்தோம். துணி டீ டிகாக்ஷன் மாதிரி ஆகிவிட்டது. கால் இரண்டு படி வெளுத்துவிட்டது. இத்தனை நாள் அவர்கள் 'எங்கள் மேசை நிறம்' என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அழுக்கு.

இந்த இடத்தில் வீட்டுக்காரர்தான் முடிவு சொல்ல வேண்டும். அழுக்கோடு இருக்கும் நிறத்துக்குப் புதுசைப் பொருத்துவதா, அல்லது எல்லாவற்றையும் கழுவிவிட்டு அந்த நிறத்துக்குப் பொருத்துவதா? அழுக்குக்குப் பொருத்தினால், அடுத்த தீபாவளிக்கு யாராவது நன்றாகத் துடைத்ததும் பழசு வெளுக்கும், புதுசு கருப்பாகவே நிற்கும். அந்த அம்மா, "எல்லாத்தையும் கழுவிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். நல்ல வேளை.

அடுத்து, பழைய பூச்சு என்ன என்று பார்க்க வேண்டும். அடிப்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட். அரை நிமிஷத்தில் விரல் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஒட்டவில்லையா, ஒரு சொட்டு என்சி தின்னர். அதில் இளகினால் என்சி லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரித்தேன்), இரண்டும் கெட்டியான பூச்சுகள். காரைக்குடி நாற்காலி ஸ்பிரிட்டிலேயே ஒட்டியது. இது தெரிவது முக்கியம், ஏனென்றால் அரக்குக்கே ஒரு ஆரஞ்சு நிறம் உண்டு. பழசின் நிறத்தில் எவ்வளவு மரத்தில் இருக்கிறது, எவ்வளவு பூச்சில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்டெயின் கலக்கக் கூடாது.

எங்களுக்கே முதல் மாதிரியில் சறுக்கியது. 100 மி.லி. வெளிர் தேக்கு ஸ்டெயினில் 8 மி.லி. ரா அம்பர் (பழுப்பு நிறமி), 3 மி.லி. பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு நிறமி) கலந்தோம். ஸ்டெயின் காய்ந்ததும் பழைய காலோடு வைத்துப் பார்த்தால் கச்சிதம். மேலே மூன்று கை (மூன்று பூச்சு) அரக்கு ஏறியதும் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. சிவப்பை ஸ்டெயினிலும் கொடுத்துவிட்டோம், அரக்கும் கொடுத்துவிட்டது. இரண்டாவது மாதிரியில் சியன்னாவைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ரா அம்பரை 6 மி.லி.க்குக் குறைத்தோம். ஸ்டெயின் மட்டும் இருந்தபோது பார்க்கச் சப்பென்று, கொஞ்சம் பச்சையடித்து இருந்தது. அரக்கு ஏறியதும் சரியாக வந்து நின்றது. ஸ்டெயின் நிலையில் பொருந்துகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மாதிரித் துண்டு என்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது?

செய்யப்போகும் சாமானை அறுத்த அதே பலகையின் மிச்சத்தில் செய்ய வேண்டும். வேறு பலகை கூடாது. ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். தீப்பெட்டி அளவுத் துண்டில் நிறம் எப்போதும் அழகாகத்தான் தெரியும், பெரிய பரப்பில் அடித்த பிறகுதான் உண்மை தெரியும். அதே நம்பர் உப்புத்தாள், அதே துணி, ஸ்டெயினைத் துடைத்து எடுப்பதற்கு அதே நேரம். இரண்டு நிமிஷம் ஊறவிட்டுத் துடைப்பதற்கும் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பிறகு முழுப் பூச்சும் ஏற்ற வேண்டும்: சீலர் (மேல்பூச்சுக்கு முன் வரும் அடிப்பூச்சு), தேய்ப்பு, மேல்பூச்சு, எல்லாம். கடைசியாக என்ன பளபளப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒரே நிறம் மேட் (பளபளப்பில்லாத) பூச்சில் கொஞ்சம் வெளிறியும் கிளாஸ் (பளபளக்கும்) பூச்சில் ஆழமாகவும் தெரியும். துண்டின் பின்பக்கத்தில் கலவை அளவு, தேதி, எத்தனை கை என்று எழுதிவிடுங்கள். எழுதாத மாதிரித் துண்டு விறகு.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்டெயின் காய்ந்த மரத்தின் மேல் தின்னர் நனைத்த துணியை இழுத்தால், அது ஈரமாக இருக்கும் சில நொடிகளுக்கு, மேல்பூச்சு போட்டால் ஏறத்தாழ எப்படி இருக்கும் என்று காட்டும். ஸ்டெயினே தின்னரில் கரைகிற வகையாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், நிறம் துணியோடு வந்துவிடும்.

சிவப்பு அதிகமாக அடிக்கிறது. கொஞ்சம் கருப்பு ஊற்றிவிடலாமா?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கருப்பு ஊற்றினால் சிவப்பு போகாது, அழுக்குச் சிவப்பாகும். சிவப்பை அடக்குவது பச்சை. ஆரஞ்சை அடக்குவது நீலம். மஞ்சளை அடக்குவது ஊதா. மர நிறத்தில் நேராகப் பச்சையை ஊற்ற வேண்டியதில்லை. ரா அம்பரிலேயே லேசான பச்சை சாயல் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் அது பாலிஷ்காரர்களின் செல்லப்பிள்ளை. பர்ன்ட் அம்பர் அதன் அண்ணன், சூடான பழுப்பு. இரண்டையும் மாற்றி ஊற்றிவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முழித்தவர்களில் நானும் ஒருவன்.

சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒரு துண்டில் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வெளிர் பக்கமே நில்லுங்கள். வெளிர் நிறத்தைக் கருக்க இன்னொரு கை போதும். கருத்துப்போனதை வெளுக்க வைக்கப் பாடுபட வேண்டும்.

அப்படியானால் ஏற்கெனவே கருத்துப்போனதை என்ன செய்வது?

இன்னும் காயவில்லை என்றால் அந்த ஸ்டெயினுக்குரிய தின்னரால் உடனே துடைத்தெடுங்கள், நிறைய வந்துவிடும். காய்ந்துவிட்டால் தேய்ப்புதான்.

வெனீராக இருந்தால் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். கடையில் கிடைக்கும் வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குப் பக்கம்தான் கனம் இருக்கும். தேய்த்துக்கொண்டே போனால் ப்ளைவுட் வெளியே வந்து சிரிக்கும்.

பட்டறையில் பார்த்தபோது ஒன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் புதுசு தனியாகத் தெரிகிறது. ஏன்?

வெளிச்சம். பட்டறையில் இருப்பது கூல் டேலைட் டியூப், 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. உங்கள் சாப்பாட்டு அறையில் தொங்குவது வார்ம் ஒயிட் எல்இடி, 2700 அல்லது 3000 கெல்வின். இரண்டு பொருளின் நிறம் வெவ்வேறு சாயங்களால் ஆனதாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்துவிட்டு, இன்னொரு வெளிச்சத்தில் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆகிவிடும். பட்டுக்கடையில் ரவிக்கைத் துணி பொருத்தும்போது புடவையோடு வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறார்களே, அதே காரணம்தான்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு புத்தக அலமாரியை ராத்திரி பத்து மணிக்கு டியூப்லைட்டில் பொருத்தி, மறுநாளே ஏற்றி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அந்த வீட்டில் மஞ்சள் விளக்கைப் போட்டதும் பழைய அலமாரி தேக்காக நின்றது, என்னுடையது செம்மரம் மாதிரி நின்றது. போக்குவரத்து என் செலவு, மறுபாலிஷ் என் செலவு.

இப்போதெல்லாம் காலை ஒன்பது பத்து மணிக்கு, நேர் வெயில் விழாத வடக்குப் பக்க வெளிச்சத்தில் பொருத்துகிறோம். அதன் பிறகு மாதிரித் துண்டை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். சாமான் நிற்கப்போகும் இடத்தில், பகலில் ஒரு தடவை, ராத்திரி விளக்கில் ஒரு தடவை பாருங்கள். தரையில் நிற்கும் சாமானுக்குத் துண்டைத் தரையில் நிறுத்தியும், மேசைப் பலகைக்குப் படுக்க வைத்தும் பார்க்க வேண்டும். இரண்டு வெளிச்சத்துக்கும் ஒத்துவரும் நிறம் கிடைக்காவிட்டால், அந்த அறையை நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நேரத்துக்கே முன்னுரிமை. பல்பு மாற்றும் எண்ணம் இருந்தால் மரவேலைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்கினால் மரம் மரமாகத் தெரியும்.

சாயம், நிறமி, ஜெல் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எதை வாங்குவது?

சாயம் திரவத்தில் முழுதாகக் கரைந்துவிடும். மரத்துக்குள் இறங்கி நாரையே நிறமாக்கும். ரேகை பளிச்சென்று கண்ணாடி போலத் தெரியும். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். நிறமி என்பது நுணுக்கிய மண்; கரையாது, நுண்துளையிலும் கீறலிலும் போய் உட்காரும். வெளிச்சத்தைத் தாங்கும், ஆனால் கனமாக அடித்தால் பெயின்ட் மாதிரி மூடிவிடும். கடை ஸ்டெயின்கள் பலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். நிறமி அடியில் தங்கிவிடுவதால் டப்பாவைக் குச்சியால் அடிவரை கலக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாற்காலி ஒரு நிறம், ஆறாவது நாற்காலி ஒரு நிறம்.

ஜன்னலோரச் சாமானுக்கு நிறமி, ரேகை அழகான மரத்துக்குச் சாயம், திட்டுத்திட்டாக உறிஞ்சும் மரத்துக்கு ஜெல், அதாவது உள்ளே அதிகம் இறங்காத கெட்டி ஸ்டெயின். வேலைக்குத் தேவையான மொத்தத்தையும், கொஞ்சம் கூடுதலாகவே, ஒரே பாத்திரத்தில் ஒரே தடவையாகக் கலந்துவிடுங்கள். பாதி வேலையில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வருவது அதிர்ஷ்டம்.

தேக்கு கட்டுப்படியாகவில்லை. வேறு மரத்தில் செய்து தேக்கு நிறம் கொடுக்க முடியுமா?

மரத்தைப் பொறுத்தது. ரப்பர் மரம் வெளிர் மரம், ஒழுங்காக ஸ்டெயின் வாங்கும். தேக்கின் நிறத்தைக் கொடுக்கலாம், ரேகையைக் கொடுக்க முடியாது. தூரத்தில் சேரும், பக்கத்தில் சேராது. வேம்பு தானே சிவப்பு, அதில் தேக்கின் மஞ்சள் பழுப்பைக் கொண்டுவர சிவப்போடு சண்டை போட வேண்டும். பலா நல்ல மஞ்சள்; நாள் போகப் போகத் தானே பழுத்துப் பழுப்பாகிவிடும், அதைத் தேக்கோடு சேர்ப்பது சுலபம். மாமரமும், பேக்கிங் பெட்டியில் வரும் பைன் மரமும் திட்டுத்திட்டாக உறிஞ்சும். பைனில் இன்னொரு வேடிக்கை: மென்மையான வெளிர் வளையம்தான் அதிகம் குடிக்கும், கெட்டியான கரும் வளையம் குடிக்காது. ஸ்டெயின் அடித்ததும் ரேகை போட்டோ நெகட்டிவ் மாதிரித் தலைகீழாகிவிடும்.

திட்டுக்கு மருந்து, ஸ்டெயினுக்கு முன் ஒரு கை நீர்த்த அரக்கு. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 முதல் 100 கிராம் அரக்கு போதும். காய்ந்ததும் 320 தாளால் மேலாக ஒரு தடவல். தாகம் எடுத்த இடத்தின் வாயை இது அடைத்துவிடும், ஸ்டெயின் சீராகப் பரவும். குறுக்கே அறுத்த முனைகளுக்கும் இதே வைத்தியம்தான். அவை எந்த மரமானாலும் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக் கருப்பாகும். முனையை மட்டும் இன்னும் நைசான தாளால் தேய்ப்பதும் உதவும்.

வால்நட் நிறம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. ரப்பரில் வால்நட் சாயம் பூசுவதைவிட வாகையை வாங்குங்கள். அதன் வைரம் இயல்பிலேயே கரும்பழுப்பு. வெளிநாட்டு மர வியாபாரத்தில் அதை 'கிழக்கிந்திய வால்நட்' என்றே விற்றிருக்கிறார்கள். சாயமே வேண்டாம், தெளிந்த பூச்சு போதும்.

கருங்காலி மாதிரிக் கருப்பு வேண்டும். பெயின்ட் மாதிரி இருக்கக் கூடாது.

இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கருப்பு. கலம்காரித் துணியில் கடுக்காயில் ஊறவைத்துவிட்டு, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரால் கருப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே ரசாயனம் மரத்திலும் வேலை செய்யும். ஸ்டீல் உல்லை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு (மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும்) வடிகட்டி அடித்தால், கருவேலம் போலத் துவர்ப்பு நிறைந்த மரம் கண் முன்னாலேயே சாம்பலாகி, நீலமாகி, கருப்பாகும். துவர்ப்பு குறைந்த மரத்துக்கு முதலில் கடுக்காய்ப் பொடி கொதிக்கவைத்த தண்ணீரையோ கெட்டி டீ டிகாக்ஷனையோ அடித்துக் காயவைத்த பிறகு இதை அடிக்க வேண்டும். ரேகை அத்தனையும் தெரியும், பெயின்ட் மாதிரி மூடாது.

ஒரு எச்சரிக்கை: இது எந்தக் கருப்பில் போய் நிற்கும் என்பது மரத்தின் கையில். ஏற்கெனவே இருக்கும் கருப்போடு பொருத்த இது ஒத்துவராது, தனிச் சாமானுக்கு அற்புதம். இதே காரணத்தால்தான் ஈரமான தேக்கில் இரும்பு ஆணி அடித்த இடத்தைச் சுற்றி நீலக்கறை வருகிறது. அந்தக் கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது விஷம், கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஸ்டெயின் அடித்ததும் மூட்டுகளின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறதே?

பசை. மூட்டை இறுக்கும்போது பிதுங்கியதை விரலால் வழித்துவிட்டிருப்பார்கள். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயின் அடித்ததும் பல்லைக் காட்டும். ஸ்டெயினுக்கு முன் முழுச் சாமானையும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் பசை உள்ள இடம் வெளிறித் தெரியும், அங்கே சுரண்டிவிடலாம். அந்த ஈரத்தில் மரநார் சிலிர்த்து எழும், காய்ந்ததும் அதையும் ஒரு தேய்ப்பு தேய்த்தால் தண்ணீர் ஸ்டெயின் அடிப்பவர்களுக்கு இரட்டை லாபம்.

நுண்துளை முழுக்க வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் அது ஃபில்லர், துளையை நிரப்பத் தேய்க்கும் மாவு. ஃபில்லரை மரத்தைவிட ஒரு படி கருப்பாகவே கலக்க வேண்டும். பழைய பாலிஷ்காரர்கள் சாக்பவுடரில் காவி கலந்து தேய்த்தது இதற்குத்தான்.

பியூ நல்லதா, மெலமைன் நல்லதா, அரக்கா? நிறத்துக்கு மட்டும் சொல்லுங்கள்.

நிறத்துக்கு மட்டும் என்றால்: அரக்கு ஆரஞ்சு கொடுக்கும். எண்ணெய் சார்ந்த பூச்சுகள் தேன் நிறம் கொடுக்கும், வருஷம் போகப் போக இன்னும் மஞ்சளாகும். தண்ணீர் பியூ கிட்டத்தட்ட எதுவும் கொடுக்காது. வெளிர் மரத்துக்கு நல்லது, தேக்கில் உயிரில்லாமல் தெரியும். பழைய அரக்குச் சாமானோடு பொருத்த வேண்டும், ஆனால் சூடான பாத்திரத்தையும் தாங்க வேண்டும் என்றால் அடியில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை, மேலே பியூ. மெழுகுள்ள சாதா அரக்கின்மேல் பியூ சரியாகப் பிடிக்காது.

கடைசி நேரத்தில் நிறம் அரைப்படி குறைவாக இருந்தால் மரத்தைத் தொட வேண்டியதில்லை. சீலருக்கும் மேல்பூச்சுக்கும் நடுவில், லாக்கரில் துளி சாயம் கலந்து ஒரு மெல்லிய ஸ்ப்ரே. பொருத்துவதில் கடைசிப் பத்து சதவீதம் இந்த இடைப்பூச்சில்தான் நடக்கிறது. அது வெறும் கையால் வராது, ஸ்ப்ரே கன் வேண்டும்.

மழைக்காலத்தில் பாலிஷ் வேலை கொடுக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்படுத்தாதீர்கள். லாக்கரில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். மெதுவாகக் காயும் தின்னர் கலந்து சமாளிக்கலாம். ஆனால் வெளுத்த பூச்சின் அடியில் நிறம் பொருந்தியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்குப் பொருந்தியது ஐந்து வருஷம் கழித்தும் பொருந்துமா?

புதிதாக இழைத்த தேக்கு பச்சையும் மஞ்சளும் கோடுமாக இருக்கும். வெளிச்சம் பட்டால் சில வாரங்களில் அந்தக் கோடு அடங்கிப் பொன்பழுப்பாகிவிடும். அதனால் பலகையை ஸ்டெயினுக்கு முன் மொட்டை மாடியில் பத்து நாள் திருப்பித் திருப்பிப் போடுகிறோம். இதைச் செய்யாமல் பச்சைத் தேக்கில் நிறம் பொருத்தினால், அடியில் மரம் மாறிக்கொண்டே இருக்கும், மேலே உங்கள் கணக்கு தப்பிக்கொண்டே இருக்கும். மாடியில் போட்ட பிறகும் மிச்ச மாற்றம் கொஞ்சம் இருக்கும் என்பதால் புதுத் தேக்கை ஒரு இழை வெளிறலாகவே விடுகிறேன்.

எல்லா மரமும் கருக்காது. ஈட்டி, அதாவது தோதகத்தி, புதிதில் ஊதா கலந்து இருக்கும், வெயிலில் ஊதா போய்ப் பழுப்பாக வெளிறும். படாக் என்ற மரம் நெருப்புச் சிவப்பாக வந்து பழுப்பில் அடங்கும். ஜன்னலோரம் மேசையை வைத்து, அதன்மேல் வருஷக்கணக்கில் ஒரே விரிப்பைப் போட்டு வைத்தால், எடுத்த அன்று விரிப்பின் வடிவம் மேசையில் அச்சாகத் தெரியும். அதற்கு எங்களைத் திட்டாதீர்கள்.

வீட்டில் நாங்களே செய்தால் ஆபத்து ஏதும் உண்டா?

ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. லின்சீட் எண்ணெய் போலக் காயும் எண்ணெய் கலந்த ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது வரும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். பனியன் துணியை ஒற்றையாக விரித்து வெளியில் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். ஸ்பிரிட், தின்னர் வேலையைச் சமையலறைக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம்.

நிறம் பொருத்துவதற்குத் தனியாகக் கூலி வாங்குகிறீர்களே?

வாங்குகிறோம். நாலு மாதிரி, ஒவ்வொன்றும் முழுப் பூச்சோடு காய இரண்டு மூன்று நாள், உங்கள் வீட்டுக்குப் போய் வரும் நடை. புதுசை இருப்பதோடு சேர்க்காமல், வேண்டுமென்றே வேறு நிறத்தில் செய்யச் சொன்னால் இந்தக் கூலி இல்லை. உண்மையைச் சொன்னால், அரைகுறையாகப் பொருந்திய இரண்டு நாற்காலியைவிட, கருப்பில் இரண்டு நாற்காலி மேசையின் இரு தலைமாட்டிலும் நிற்பது எனக்குப் பிடிக்கும். காரைக்குடி அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "கருப்பா? வேண்டாம்பா" என்று முடித்துவிட்டார்.

நாலு வருஷம் கழித்து இன்னொரு நாற்காலி வேண்டுமென்றால் அதே நிறம் கிடைக்குமா?

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். உட்காரும் பலகையின் அடியில், பின்பக்கச் சட்டத்தின் ஓரமாக, பென்சிலில் எழுதியிருப்போம்: என்ன மரம், உப்புத்தாள் நம்பர், ஸ்டெயின் எத்தனை மி.லி., எதில் எவ்வளவு, அரக்கு எத்தனை கை, எந்த மாதம். அதன்மேல் ஒரு கை தெளிந்த சீலர் அடித்திருக்கிறோம், அழியாது. அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்துக்கு வாட்ஸ்அப் போதும். கூடவே நாற்காலியும் ஒன்று வரட்டும், இந்த நாலு வருஷத்தில் அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.